கச்சேரி வீட்டு வாசல்

எங்கள் வீட்டுப் பேய்க்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பொங்கல், தீபாவளிக்கும் வராது. மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல், சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து, வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடும். ராத்திரியில் ஒருநாளும் தொந்தரவு கிடையாது. ஆபீஸ் பூட்டிய பிறகு வந்து பிரயோஜனம் இல்லை என்று அதற்குத் தெரியும்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். சிரிக்காமல் சொன்னால் அன்றைக்கு என்னால் வாசல் பக்கம் போக முடியாது.

நான் திருநெல்வேலி டவுண்காரி. ரத வீதியில் ஒரு துணிக்கடை மாடியில் குடியிருந்தோம். பஸ் ஹாரனும் கடைக்காரர்கள் கூவுகிறதும் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். கல்யாணமாகி இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்த மறுநாள் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, கசானாவுல போயி அரிசி அள்ளிட்டு வா" என்றாள். நான் முழித்தேன். அரிசி மூட்டை கிடந்த அறையின் நிலைக்கு மேலே, எத்தனையோ தடவை சுண்ணாம்பு அடித்தும் மறையாத சிவப்பு எழுத்தில் 'கஜானா' என்று இருந்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் பெயர் லாக்கப். விறகு போட்டிருந்த அறை ரிக்கார்டு ரூம். முன் ஹால் கச்சேரி. பாட்டுக் கச்சேரி இல்லை, அந்தக் காலத்தில் சர்க்கார் ஆபீசுக்கு அப்படித்தான் பெயர். ஊர்க்காரர்களுக்கு எங்கள் வீடே கச்சேரி வீடுதான்.

வீட்டுக்காரரின் பூட்டனார் கட்டிய வீடு. யுத்த காலத்தில், ஜப்பான்காரன் கப்பலில் வந்து கடற்கரையில் குண்டு போடப் போகிறான் என்று பயம் கிளம்பியதாம். கடலோரத்தில் இருந்த சில ஆபீசுகளைப் பெட்டி படுக்கையோடு ஆற்றங்கரைக்குக் கொண்டு வந்தார்கள். ஊரிலேயே பெரிய வீடு இது என்பதால் குடும்பத்தைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, முன்கட்டில் ஒரு சின்ன ராஜாங்கமே நடத்தினார்கள். இதெல்லாம் இந்த வீட்டில் சொல்லிச் சொல்லி நான் கேட்டது. ஹால் தரையில் அதிகாரியின் மேஜைக்கால் அழுத்திய குழிகள் இன்னும் இருக்கின்றன. அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் என் தையல் மிஷினை அங்கேதான் போட்டேன். அத்தை ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்தக் கச்சேரிக்கு அதிகம் வந்தது பொம்பளைகள். புருஷனோ மகனோ பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள். யுத்தத்தில் கப்பலும் நின்று கடுதாசியும் நின்றுவிட, வாய்க்கால் கரையோடு நடந்து வந்து எங்கள் வாசலில் நிற்பார்களாம். "அய்யா, தாக்கல் வந்துச்சா?" எங்கள் பக்கத்தில் தாக்கல் என்றால் சேதி. வாசல் சேவகன் உள்ளே போவான், வருவான், "நாளைக்கு வா" என்பான். அவர்களும் மறுநாள் வருவார்கள்.

யுத்தம் முடிந்து, மேஜை நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு சர்க்கார் போய்விட்டது. பொம்பளைகள் வருவது நிற்கவில்லை. ஏதாவது பதில் சொன்னால்தான் கேட்டை விட்டு நகர்வார்கள் என்பதால், வீட்டுக்காரர்களே "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பப் பழகினார்கள். பிறகு அந்தப் பொம்பளைகளும் ஒவ்வொருத்தியாகச் செத்துப்போனார்கள். கூப்பிடுகிறது மட்டும் நிற்கவில்லை.

நான் முதலில் கேட்டது அத்தை சொன்ன பதிலை. வந்த புதிது. ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து சீனி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கு வாங்க" என்றாள். யாரோ புடவைக்காரர் என்று எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வெயில்தான் நின்றது. கேட்டடியில் நாய் படுத்திருந்தது, காதைக்கூட அசைக்கவில்லை.

"யாரு அத்தை?"

"கச்சேரிக்கு வந்தவங்க."

கிழவிக்கு மறை கழன்றிருக்கிறது, பெண் கொடுக்கும் முன்னால் எங்கள் அப்பா இதை விசாரித்திருக்க வேண்டாமா என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரம் மிஷினில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கே கேட்டது. பெரிய சத்தம் இல்லை. தொண்டை காய்ந்த ஒரு பொம்பளைக் குரல், கூச்சத்தோடு, கொஞ்சம் அவசரத்தோடு. "தாக்கல் வந்துச்சா?" என்னை அறியாமல் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டேன். பின்கட்டிலிருந்து அத்தை, "நாளைக்கு வாங்க" என்றாள். அவ்வளவுதான். வாய்க்கால் காற்று, கேட்டுக் கீல், பக்கத்து வீட்டு டிவி என்று நானும் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் கீலுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா?

அத்தை எனக்கு வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். நம்ம ஆட்கள் கேட்டில் நின்று கூப்பிட மாட்டார்கள், கொண்டியைத் தூக்கிவிட்டு நேரே உள்ளே வருவார்கள். தபால்காரர்கூடப் பின்வாசலுக்குத்தான் வருவார். கேட்டில் நின்று கூப்பிடுகிறது யாராக இருந்தாலும் எட்டிப் பார்க்காமல் நாளைக்கு வரச் சொல்லிவிட வேண்டும். உள்ளே மட்டும் கூப்பிடக் கூடாது.

"கூப்பிட்டா என்ன செய்யும் அத்தை? கழுத்தப் பிடிக்குமா?"

"கூறு கெட்டவளே. உள்ள கூப்பிட்டா பதில் சொல்லணும்லா? நம்மகிட்ட என்ன பதில் இருக்கு?"

வருஷக்கணக்கில் பழகிப் போனது. அத்தை வெளியே போயிருந்தால் நானே சொல்லிவிடுவேன். பிளவுஸை மடித்துக்கொண்டே, அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு வாங்க. பழகினால் பேயும் பக்கத்து வீடு.

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. போனால் ஒன்பது மாசம், வந்தால் மூன்று மாசம். இந்தத் தடவை போன கப்பல் பழைய கப்பல், கம்பெனியும் நொடித்த கம்பெனி. ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்து, கம்பெனிக்காரன் கப்பலையும் ஆட்களையும் அப்படியே கைவிட்டுவிட்டான். எண்ணெய் இல்லை, கரைக்கு இறங்க அனுமதி இல்லை, கேட்க நாதி இல்லை. கடைசியாக வீடியோவில் பேசியபோது அவர் பின்னால் ஒரு குட்டையான மனிதர் சிரித்தபடி நின்றார். "இவருதான் எங்க சமையல் குக்கு, பிலிப்பைன்ஸ்காரரு. இவரு வீட்டம்மா நம்பர் அனுப்புதேன், எதுக்கும் வச்சுக்கோ" என்றார். பிறகு போன் செத்துவிட்டது.

ஆனியில் நின்ற பேச்சு, ஐப்பசி மழை பிடித்தும் வரவில்லை. நான் போகாத ஆபீஸ் இல்லை. கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் மும்பையில் இருந்தான், நம்ம பக்கத்து ஆள்தான். தினமும் அவனுக்குப் போன் போடுவேன். எங்கள் வீட்டில் உள்ளே போன் அடிக்குமே தவிர, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால்தான் பேசச் சிக்னல் கிடைக்கும். ஒருநாள் கேட்டுக்கு வெளியே வந்து, மழைத் தூறலுக்குச் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, "அய்யா, தாக்கல் எதுவும் வந்துச்சா?" என்று கேட்டேன். கத்திக் கத்தித் தொண்டை காய்ந்திருந்தது.

உள்ளே ஹாலில் காய் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னாள், "நாளைக்கு வாங்க."

போனில் ஏஜெண்டும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அத்தை என் குரலை அடையாளம் தெரியாமல் சொன்னாள், அதில் அவள் மேல் குற்றம் இல்லை. ஆனால் எனக்கு அடையாளம் தெரிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மிஷினில் உட்கார்ந்து நான் கேட்டேனே, அந்தக் கூச்சம், அந்த அவசரம், அந்தக் காய்ந்த தொண்டை, எல்லாம் இதேதான். அவர் அந்தக் கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே, நானே நின்று என்னிடம் கேட்டிருக்கிறேனா? அன்றைக்கு நான் உள்ளே போகவே பயந்து, மழையில் நனைந்துகொண்டு நெடுநேரம் கேட்டருகிலேயே நின்றேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே துணை குக்கின் பெண்டாட்டி. என் அரைகுறை இங்கிலீசும் அவளுடைய முக்கால் இங்கிலீசும் சேர்ந்தால் ஒரு பேச்சுக்குப் போதும். வீடியோவில் தன் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கீழே கல், மேலே மரம். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பியைத் தேய்த்துப் பதித்திருந்தார்கள், வெளிச்சம் பால் நிறத்தில் விழுந்தது. எங்களுக்கு வரப்போகிறான் என்று பயந்த அதே ஜப்பான்காரன் அவர்கள் நாட்டுக்கு வந்தே விட்டான். அந்த யுத்தத்தில் கொஞ்ச காலம் அவர்கள் மாகாணத்து அரசாங்கமே அவள் வீட்டு மாடியில் இருந்து நடந்ததாம். வாசலில் அதற்குப் பலகை வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். பட்டப்பகலில் மாடியில் டைப் அடிக்கிற சத்தம் கேட்கும் என்றாள். எங்கள் வீட்டில் மனுக் கொடுக்க வருகிறவர்கள் பேய், அவர்கள் வீட்டில் கிளார்க்கே பேய். இதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது. மாசக்கணக்கில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வாசல் வழக்கத்தைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், அதனால் கூப்பிட மாட்டோம் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். அவர்கள் ஊரில் அப்படி இல்லையாம். யார் வீட்டு வாசலுக்குப் போனாலும், 'மனுஷன்தான் வந்திருக்கிறேன்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவார்களாம். வந்திருப்பது வேறு எதுவும் இல்லை, பயப்படாதே என்று. கேட்டதும் வீட்டுக்காரர்கள் உள்ளே வாருங்கள் என்பார்கள். அவள் புருஷன் கப்பலிலும் இன்ஜின் ரூம் கதவைத் தட்டி அந்த வார்த்தையைச் சொல்லித்தான் காப்பி கொடுப்பாராம்.

"உங்க வாசல்ல நிக்கிறவங்க அப்படிச் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"நாங்க கேக்கவே இல்லையே" என்றேன்.

அன்றிலிருந்து போன் போட்டால் அவள் முதலில் அவர்கள் பாஷையில் அந்த வார்த்தையைச் சொல்லுவாள். மனுஷிதான். நான் 'உள்ள வா' என்பேன். தாக்கல் என்ற சொல்லையும் என்னிடமிருந்து பிடித்துக்கொண்டாள். "அக்கா, தாக்கல்?" என்பாள். "இல்ல" என்பேன். "எனக்கும் இல்லை" என்பாள். யாரிடமும் கிடைக்காத ஒரு நேர்மையான பதில் எங்களுக்குள் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஒரு மழைக்காலத்தை ஓட்டினோம்.

மார்கழியில் ஒருநாள் பகலில் வாசலில் குரல் கேட்டது. அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் மிஷினை விட்டு எழுந்துவிட்டேன். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று எல்லோரும் என்னிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அந்த வார்த்தையின் மேலேயே ஆத்திரம் முட்டிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கும் தாக்கல் இல்லம்மா. உள்ள வாங்க. வந்து உக்காருங்க" என்றேன்.

"ஏ பாவி!" என்று அத்தை அவரைக்காய்த் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எம்புள்ள சேதி தெரியாம கெடக்கான். இந்த நேரத்துல எதைட்டி உள்ள விடுத?"

"உங்க புள்ளைக்காகத்தான் அத்தை சொல்லுதேன். அவியளும் எங்கயோ ஒரு வாசல்ல நிப்பாவல்லா? அங்கனயும் நாளைக்கு வான்னு சொன்னா என்ன செய்வாவ?"

அத்தை ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போனாள். நடுவில் போகாமல் சுவரை ஒட்டி, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் இடிக்காமல் போகிற மாதிரி பைய நடந்து போனாள். அதைப் பார்த்த பிறகு நான் மிஷினில் உட்காரவில்லை. ஹாலில் ஈரச் சேலை வாடை அடித்தது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்புறம் வாசலில் கூப்பிடுகிறது நின்றது. ஹாலில் வெற்றிடம் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. நானும் சுவரை ஒட்டியே நடக்கப் பழகினேன். தினமும் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய்க் மேஜைக்கால் குழிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தை பிறந்து, வயலில் பிசானப் பட்டத்து நெல் பால் பிடித்திருந்த நேரம். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் கேட்டில் குரல் கேட்டது. இந்தத் தடவை ஆண் குரல், கரகரவென்று, பாதி காற்றாக.

"மனுசந்தான்... மனுசந்தான் வந்திருக்கேன்."

அத்தை என் கையைப் பிடித்தாள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"உள்ள வாங்க."

கொண்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பாதி ஆளாகியிருந்தார். தாடியும் உதட்டு வெடிப்புமாக, யாருடையதோ சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் அழுதேனா, அடித்தேனா என்று நினைவில்லை. இரண்டும் செய்ததாக அவர் சொல்கிறார்.

"ஒரு போன் போடக் கூடாதா?"

"எம்போன் கடல்ல போச்சுட்டி. ஒன் நம்பரு எனக்கு எங்க தெரியும்? போன்லல்லா இருந்துச்சு."

"கேட்டுல நின்னு ஏன் கூப்பிட்டிய? நேரா வர வேண்டியதுதான்?"

"கொண்டியத் தூக்கக் கை வரல. எத்தனை மாசமா செத்தவன் கணக்கால்லா கெடந்தேன். நான் மனுசந்தானான்னு எனக்கே சந்தேகம்."

அதற்குள் அத்தை அடுப்பங்கரையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். கையில் இரண்டு தம்ளர் இருந்தது.

"ஏலே, கூட வந்தவரு வாசல்லயே நிக்காரே. குட்டையா இருக்காரு, வெளியூர்க்காரரு மாரி. உள்ள வரச் சொல்லு."

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேட்டு திறந்தபடி கிடந்தது, அங்கே ஒருவரும் இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

விஷயம் பிறகு வந்தது. கப்பலில் நல்ல தண்ணீர் தீர்ந்துபோனபோது குக்குக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. மருந்து இல்லை. கரைக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நாளைக்குப் படகு வரும் என்றார்களாம். வந்தது, ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதன் பிறகுதான் பயந்துபோய் மற்றவர்களை இறக்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி என்று ஒன்று இப்போது இல்லை. "அவரு வீட்டுக்கு யாரு சொல்லியிருப்பா? யாரும் சொல்லியிருக்க மாட்டாவ" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, என் போன் அடித்தது.

போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். படத்தில் பால் நிற ஜன்னலுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், தலைக்குக் குளித்து ஈரம் சொட்ட. மனுஷிதான், என்றாள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே. நான் உள்ள வா என்று சொல்லவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, தாக்கல்?"

சத்தியமாக, சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு" என்றேன். "நாளைக்குக் கூப்பிடு."

என் குரலில் எந்தத் தடங்கலும் இல்லை. காய் ஆய்ந்துகொண்டே சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன். சரி அக்கா, நாளைக்கு என்றாள். நன்றியும் சொன்னாள்.

அந்தக் காலத்து அதிகாரியைக் கல்நெஞ்சுக்காரன் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். அவன் மேஜையில் தந்தி வந்து கிடந்திருக்கும், அதை எடுத்துச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வந்திருக்காது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இரவெல்லாம் தூங்கவில்லை. வந்த புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வராதவரின் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பத்து மணி தாண்டியதும் போன் அடித்தது. அவளிடம் நான் நேரம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஹாலில் அத்தை இருந்தாள், அவர் இருந்தார். இடம் கொள்ளாமல் மற்றவர்களும் இருந்தார்கள் என்றே எனக்குப் பட்டது. நான் கேட்டுக்குப் போகவில்லை. மேஜைக்கால் குழிகளுக்கு நடுவே நின்றேன். ஒருநாளும் பேசச் சிக்னல் கிடைக்காத அந்த இடத்தில் அவள் முகம் தெளிவாக வந்தது.

மனுஷிதான், என்றாள்.

"உள்ள வா" என்றேன். "வந்து உக்காரு."

ஒருநாளும் நான் அவளை உட்காரச் சொன்னதில்லை. உள்ளே கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எங்கள் வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியும். அவள் சிரிப்பு நின்றது.